ஆர், எஃப், ஜி என்றால் ரெஃப்ரிஜிரேட்டர்

கண்ணாடி போடமாட்டேன். போடவே மாட்டேன். தலைகீழாக நின்றாலும் என் மூக்கின் மேல் இன்னொரு சாமானை ஏற்ற யாராலும் முடியாது.

குளியலறைக் கண்ணாடியின் முன்னால் நின்று இப்படி ஒரு சபதம் எடுத்தேன். கண்ணாடிக்குள் இருந்த ஆளும் கூடவே எடுத்தான். அவன் முகம் கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. நீராவிதான் என்று துண்டை எடுத்து நன்றாகத் துடைத்தேன். துடைத்த பிறகும் அவன் அப்படியேதான் இருந்தான்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அது போன கதை பின்னால் வரும். நான் ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். முன்னால் இரண்டு இரும்புக் கரங்களை நீட்டிக்கொண்டு போய், பெட்டி அடுக்கிய பலகையை அப்படியே தூக்கி, கூரை உயரத்து அலமாரியில் வைத்துவிட்டு வரும் வண்டி. அந்தக் கரங்களைப் பலகையின் இடுக்கில் ஒரே ஓட்டத்தில் செருகுவதில் நான் கில்லாடி. இறங்கிப் பார்க்கமாட்டேன். எட்டிப் பார்க்கமாட்டேன். அதனால் கிடங்கில் எனக்குப் பெயரே கழுகு. ஒருநாள் மேலாளர் எல்லார் முன்னாலும், "ஓட்டினா நம்ம கழுகு மாதிரி ஓட்டணும்யா" என்று சொல்லிவிட்டார். அன்று முழுக்க என் கால் தரையில் படவில்லை. வண்டியில் உட்கார்ந்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

அந்தக் கழுகுக்குத்தான் கொஞ்ச நாளாகப் பார்வை சரியில்லை. கிடங்கில் வாளிப் பெட்டி வைக்கிற இடத்தில் சோப்புப் பெட்டியை வைத்தேன். சோப்புப் பெட்டி வைக்கிற இடத்தில் எதை வைத்தேன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் பெட்டிகளைச் சரிபார்க்கிற, நாங்கள் ஒல்லி என்று கூப்பிடும் பையனின் சாப்பாட்டுப் பையையும் சேர்த்துத் தூக்கிக் கூரைக்கு அனுப்பிவிட்டேன். பாவம், மத்தியானம் முழுக்க அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பை இருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அவன் கையும் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

வெளியே சொல்ல முடியுமா? எனக்கு முன்னால் இதே வண்டியை ஓட்டிய பெரியவர் ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கொஞ்ச நாளில் அவரை வாசல் கேட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். உள்ளே வருகிற லாரிக்கு ஒரு சலாம், வெளியே போகிற லாரிக்கு ஒரு சலாம். கழுகைக் கொண்டுபோய் கேட்டில் உட்காரவைத்தால் அப்புறம் அது கழுகா? கோழி.

இந்த நேரம் பார்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் கண் பரிசோதனை. வெளியிலிருந்து டாக்டர் வருகிறார். அறிவிப்பை ஒல்லிதான் எனக்குப் படித்துச் சொன்னான். நான் தலைவலி என்று சொல்லி அவனைப் படிக்கச் சொன்னேன்.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. கண்ணால் படித்தால்தானே பிரச்சினை? மனப்பாடமாகச் சொல்லிவிட்டால்?

கிடங்கின் மருந்தறையில் அந்த எழுத்துப் பலகை எப்போதும் சுவரில் தொங்கும். அதன் அடியில் எடை பார்க்கிற மிஷின். நேராகப் போனேன். மிஷின் மேல் ஏறினேன். எழுத்துகள் என் மூக்குக்கு நேராக வந்தன. மளமளவென்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

"எடை எவ்வளவு காட்டுது?" என்று நர்ஸ் கேட்டார்.

"எக்ஸ், ஆர், ஓ, என்" என்றேன்.

நல்லவேளையாக அவருக்கு ஒரு போன் வந்தது. நான் நழுவிவிட்டேன்.

எழுதியாயிற்று. மண்டையில் ஏற வேண்டாமா? மேல்வரியில் ஆர். அடுத்து எஃப், ஜி. அதற்கடுத்து எச், எல், சி. சொல்லிக்கொண்டே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் எச் போய்விடுகிறது. ஏப்பம் விட்டால் எல் போய்விடுகிறது. தனித்தனி எழுத்தெல்லாம் மந்தையில்லாத ஆடு மாதிரி திசைக்கொன்றாக ஓடியது.

அப்போதுதான் என் வீட்டுக்காரியின் ஞாபகம் வந்தது. அவள் வீட்டில் தையல் மிஷின் வைத்துத் திரைச்சீலை, தலையணை உறை தைக்கிறவள். பள்ளிக்கூடத்திலிருந்தே கண்ணாடி போட்டவள். அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பேப்பரில் தினமும் ஒரு கட்டத்துக்குள் நாலைந்து இங்கிலீஷ் எழுத்து போடுவான். அந்த எழுத்தெல்லாம் வருகிற மாதிரி நீளமான வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் பால் பொங்கும்போது இவள் உள்ளே "கண்டுபிடிச்சுட்டேன்!" என்று பொங்குவாள். நான் ஓடிப்போய் அடுப்பை அணைப்பேன். "எழுத்தா வெச்சுக்கிட்டா மறந்துபோகும், வார்த்தையாக்கிட்டா மறக்கவே மறக்காது" என்று அவளே பலதடவை சொல்லியிருக்கிறாள். அவள் ஆயுதத்தாலேயே அவளை ஏமாற்றுவது என்று முடிவு செய்தேன். கல்யாணமானதிலிருந்து ஒரு தடவைகூட நடக்காத விஷயம். நினைக்கும்போதே நெஞ்சு நிமிர்ந்தது.

"ஏம்மா, உனக்கு ஒரு சவால்" என்றேன்.

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "பசிச்சா நேரடியாக் கேளுங்க."

"பசியில்ல. இங்கிலீஷ் வார்த்தைப் போட்டி. எங்க கிடங்குல வெச்சிருக்காங்க."

"மூட்டை ஏத்தற இடத்துல இங்கிலீஷ் போட்டியா?"

"காலம் மாறிப்போச்சும்மா."

"சரி, என்ன எழுத்து?"

நான் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுவந்தேன். "ஆர். அப்புறம் எஃப், ஜி. அதுக்கடுத்த வரில எச், எல், சி."

மிஷின் நின்றது. "வரியா?"

"ஆமா, போட்டில வரிவரியாத்தான் குடுத்திருக்காங்க. அடுத்த வரி எக்ஸ், ஆர், ஓ, என். கடைசி வரி என், சி, ஒய், எல், ஓ."

"மேல ஒண்ணு, அப்புறம் ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு."

"அட! ஆமா!"

"கீழ போகப் போக எழுத்து சின்னதாகிட்டே போகுமா?"

"போகும்! எப்படிம்மா இப்படிப் புட்டுப்புட்டு வைக்கறே?"

"சும்மா, ஒரு ஊகம்தான்" என்றவள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் மூளையை நினைத்து நான் பூரித்துப்போனேன்.

"எழுத்து வரிசை மாறக்கூடாது" என்றேன். "நடுவுல வேற எழுத்து வந்தாப் பரவாயில்ல. நீளமா, மறக்காத மாதிரி இருக்கணும்."

"கண்டுபிடிச்சுத் தர்றேன். ஆனா கூலி வேணும்."

"என்ன கூலி?"

"ஒரு வார்த்தைக்கு ஒரு வேலை. வார்த்தை நீளமானா வேலையும் நீளமாகும்."

"இவ்வளவுதானா?" என்றேன். மடத்தனமான பேரத்தில் அவளைச் சிக்கவைத்துவிட்ட பெருமை எனக்கு.

முதல் கூலி, ஊசியில் நூல் கோத்துத் தர வேண்டும். பூ, இதென்ன பிரமாதம்! நூலை வாயில் வைத்து நனைத்தேன். முறுக்கினேன். நீட்டினேன். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் போனது. என் கட்டைவிரலுக்குள் போகப் பார்த்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஓட்டையைக் காணோம்.

"ஓட்டையே போடாம வித்துட்டான். கலப்படம்" என்றேன்.

அவள் ஊசியை வாங்கினாள். என்னைப் பார்த்துக்கொண்டே நூலைக் கோத்தாள். ஊசியை அவள் பார்க்கக்கூட இல்லை. அவள் முகம் ஒரு நிமிஷம் வாடின மாதிரி இருந்தது. ஆனால் எனக்குத்தான் அப்போது எந்த முகமும் சரியாகத் தெரியாதே.

"ரெஃப்ரிஜிரேட்டர்" என்றாள்.

"என்னது?"

"முதல் ரெண்டு வரிக்கும் சேர்த்து ஒரே வார்த்தை. ரெ, ஃப், ஜி. ஆர், எஃப், ஜி. அதோ மூலையில நிக்குது பாருங்க, மறந்தா அதைத் திறந்து பாருங்க."

அடேங்கப்பா! ஒரே வார்த்தையில் இரண்டு வரி. நான் ரெஃப்ரிஜிரேட்டரைக் கட்டிப்பிடிக்காத குறை.

"கிடங்குல எல்லாம் ஒழுங்காப் போகுதா?" என்று திடீரென்று கேட்டாள். "யாருக்கும் அடிகிடி படலியே?"

"சே சே" என்று ஒல்லியின் சாப்பாட்டுப் பை பறந்த கதையை நடித்துக் காட்டினேன். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எத்தனை தடவை சொன்னேன், கண்ணைக் காட்டுங்கன்னு" என்றாள்.

"கழுகு எங்கயாவது கண் டாக்டரைப் பார்த்திருக்கா?" என்றேன். அவள் மிஷினை வேகமாக ஓட்டினாள்.

இரண்டாவது கூலி, ஜன்னல் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். நடைபாதைக்குப் போய் வாளியும் துணியுமாக ஒரு பிடி பிடித்தேன். பளபளவென்று துடைத்துவிட்டு நிமிர்ந்தால் ஜன்னல் திறந்தது. உள்ளேயிருந்து அடுத்த வீட்டு ரிட்டயர்டு தலைமைக் குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

"ரொம்ப நன்றி தம்பி. அடுத்த ஜன்னலும் எங்களுதுதான்" என்றார்.

மரியாதைக்கு அதையும் துடைத்தேன். பிறகு எங்கள் ஜன்னல். உள்ளே வந்ததும், "ஹெலிகாப்டர்" என்றாள். எச், எல், சி. கனகச்சிதம்.

மூன்றாவது கூலி, பரண். மேலே ஏறி, இருட்டில் தும்மிக்கொண்டே எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றினேன். இறங்கும்போது என் தலை தும்பைப்பூ மாதிரி வெளுத்திருந்தது.

"எக்ஸ்ட்ராஆர்டினரி" என்றாள்.

"இது வார்த்தையா, வசவா?"

"அசாதாரணம்னு அர்த்தம். எக்ஸ், ஆர், ஓ, என் நாலும் வரிசையா வருது."

"என்னைப் பார்த்தா சொல்றே?"

"உங்க போட்டியைப் பார்த்துச் சொல்றேன்."

நான்காவது கூலி, குளியலறைத் தரையும் சுவரும். முட்டிபோட்டுத் தேய்த்தேன். எங்கே அழுக்கு, எங்கே ஓடு என்று தெரியாததால் எல்லாவற்றையும் சமமாகத் தேய்த்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததும், "என்சைக்ளோபீடியா" என்றாள்.

"ஐயையோ, யாருக்கு? எப்ப வந்துச்சு?"

"வியாதி இல்லீங்க. எல்லா விஷயமும் இருக்கற பெரிய புத்தகம்."

"உன்னை மாதிரின்னு சொல்லு."

அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தாள்.

அதன்பின் எனக்கு அதே வேலைதான். பல் தேய்க்கும்போது ரெஃப்ரிஜிரேட்டர். சட்டை போடும்போது ஹெலிகாப்டர். மேலாளர், "வாளி லோடு எங்கேப்பா?" என்று கேட்டதற்கு, "எக்ஸ்ட்ராஆர்டினரி சார்" என்று சொல்லிவிட்டேன். என் வேலை ஈடுபாட்டை மெச்சிக்கொண்டே போனார்.

பரிசோதனை நாள் வந்தது. மருந்தறைக்குள் கம்பீரமாக நுழைந்தேன். டாக்டரம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"எதிர்ச் சுவத்துல தெரியறதைப் படிங்க."

எதிர்ச் சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம். அதற்குள் ஏதோ கருப்பு. அது போதும் எனக்கு.

"மேல்வரி ஆர்" என்றேன். "அடுத்து எஃப், ஜி."

"பேஷ். அப்புறம்?"

"எச், எல், சி. எக்ஸ், ஆர், ஓ, என்."

"இவ்வளவு வேகமா யாருமே படிச்சதில்ல. கடைசி வரி ரொம்பச் சின்னதா இருக்குமே?"

"எனக்கென்னம்மா! என், சி, ஒய், எல், ஓ."

"அதுக்குக் கீழ?"

எனக்கு முழி பிதுங்கியது. மிஷின் மேல் நின்று நான் எழுதியது அவ்வளவுதான். "அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லீங்க."

"நல்லாப் பாருங்க. காலு இருக்கு."

"யார் காலு?"

"எழுந்து கிட்டக்கப் போய்ப் பாருங்களேன்."

போனேன். கிட்டக்கப் போனேன். இன்னும் கிட்டக்கப் போனேன். சுவரில் ஒரு குழந்தைப் படம். கொழுகொழுவென்று, ஒரே ஒரு குடுமியோடு, காலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் குடுமியைத்தான் நான் ஆர் என்று படித்திருக்கிறேன். தொப்பையில் ஹெலிகாப்டர் ஓட்டியிருக்கிறேன். எழுத்துப் பலகை சுருட்டப்பட்டு டாக்டரம்மாவின் மேஜை மேல் இருந்தது.

"உங்க வீட்டம்மா காலையிலேயே போன் பண்ணிட்டாங்க" என்றார் அவர். "அவங்களுக்குக் கண்ணாடி எழுதிக் குடுக்கறதே நான்தானே. 'என்ன மாட்டினாலும் எங்க வீட்டுக்காரர் அஞ்சு வரியும் தப்பில்லாமப் படிப்பார், நீங்க வேற எதையாவது மாட்டிப் பாருங்க'ன்னாங்க. வீட்டிலேயே டெஸ்ட் வெச்சுப் பார்த்துட்டுத்தான் பேசினாங்க. ரொம்பப் பயந்துபோயிருக்காங்க. உங்களுக்காக மட்டுமில்ல, அங்க சுத்தி நிக்கறவங்களுக்காகவும்."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டு நின்றேன். முகத்தில் அசடு வழிந்தது. "கேட்டில உட்காரவெச்சுடுவாங்களேம்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"யார் சொன்னா? கண்ணாடி போட்டுக்கிட்டு ஓட்டலாம்னு நானே எழுதித் தர்றேன். கண்ணாடி வர்ற வரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்."

"எனக்கு முன்னால ஓட்டின பெரியவரை..."

"அவரா? முதுகுவலின்னு அவரே கேட்டு வாங்கிட்டுப் போனாரு. அதுவும் உங்க வீட்டம்மாதான் விசாரிச்சுச் சொன்னாங்க. ஃபிரேம்கூட நேத்தே எடுத்து வெச்சுட்டாங்க. உங்க மூக்குக்கு அகலமானதுதான் சரிப்படுமாம்."

கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினேன். அம்மாடி, உலகத்தில் இத்தனை ஓரங்களா! பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் எழுத்து என்று அன்றுதான் தெரிந்தது. மேலாளருக்கு மீசை இருக்கிறது. பலகையைத் தூக்கிக்கொண்டு நாலாவது சந்தில் திரும்பினேன். தூரத்தில், அலமாரிகளுக்கு நடுவில், சாம்பல் நிறச் சட்டையோடு ஒல்லி குத்துக்காலிட்டு ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். முந்தின வாரமாக இருந்தால் எனக்கு அது ஒரு சிமெண்ட் மூட்டை. ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போகலாம் என்று நேராக விட்டிருப்பேன்.

பிரேக்கை மிதித்தேன்.

"என்னண்ணே, அவ்வளவு தூரத்துலயே நிறுத்திட்டீங்க?" என்றான் ஒல்லி. எழுந்து, சிரித்துக்கொண்டே ஒதுங்கினான்.

அவனுக்கு வீட்டில் கைக்குழந்தை. அந்தச் சுவர்ப் படத்தில் சிரித்த குழந்தை அளவுதான் இருக்கும். வண்டியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரி மட்டும் அந்த போனைச் செய்திருக்காவிட்டால்? நினைக்கவே முடியவில்லை. அன்றைக்கு ஒல்லி வீட்டுக்குப் போனதும் நான் வீட்டுக்குப் போனதும் அவளால்தான்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். என்ன சாமர்த்தியம்! என்ன பிரியம்! வாய்விட்டுச் சொன்னால் நான் ரோஷப்படுவேன் என்று, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வேலை கொடுத்து, எனக்கே தெரியாமல் என் கண்ணைச் சோதித்திருக்கிறாள். ஊசி, கிட்டப் பார்வைக்கு. ஜன்னல், தூரப் பார்வைக்கு. பரண், இருட்டில் தெரிகிறதா என்று பார்க்க. குளியலறை, அழுக்கும் ஓடும் பிரித்துத் தெரிகிறதா என்று பார்க்க. எந்த டாக்டர் இப்படிப் பார்ப்பார்?

வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் மிஷினில் இருந்தாள். தெளிவாகத் தெரிந்தாள். காதோரம் நரை விழுந்திருந்தது. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. என்னை நினைத்துத் தூங்காமல் கிடந்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

"நீ மட்டும் இல்லாட்டி நான் இன்னிக்கு ஒரு குடும்பத்தைத் தெருவுல விட்டிருப்பேன்" என்றேன். ஒல்லியைப் பார்த்து வண்டியை நிறுத்தினதைச் சொன்னேன். அவள் கை அப்படியே துணி மேல் நின்றது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"நேரா என்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"சொன்னாக் கேக்கற ஆளா இருந்தா நான் எதுக்கு ஹெலிகாப்டர்ல சுத்தி வர்றேன்?"

"வாஸ்தவம். இந்த ஜென்மத்துக்கு உன்னை ஏமாத்தவே மாட்டேன். எவ்வளவு அழகா டெஸ்ட் வெச்சிருக்கே! ஊசியில ஒண்ணு, ஜன்னல்ல ஒண்ணு, பரண்ல ஒண்ணு, பாத்ரூம்ல ஒண்ணு..."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "ஊசியிலேயே தெரிஞ்சுபோச்சுங்க."

"அப்ப ஜன்னல்?"

"அழுக்கா இருந்துச்சு."

"பரண்?"

"தூசி."

"பாத்ரூம்?"

"வழுக்கிட்டே இருந்துச்சு. மூலையெல்லாம் அப்படியே விட்டிருக்கீங்க. இப்பத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே, போங்க, பிரஷ் கதவுக்குப் பின்னாடி இருக்கு."